டிசம்பர் 20-க்குள் முடித்தாக வேண்டும்: பல்கலைக்கழக நூலகரின் ஆண்டுக் கடைசி

மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் கிருஷ்ணன்கோவில் வரும். கலசலிங்கம் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. விடுதலைப் போராட்டத் தியாகி கலசலிங்கம் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதே சாலையில் மேலே போனால் ராஜபாளையத்தில் 1973-ல் தொடங்கிய ராஜூக்கள் கல்லூரியும், 2013-ல் வந்த ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன.

இந்த வட்டாரத்தில் டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும். ஆண்டாள் கோயிலில் விடியற்காலையிலேயே திருப்பாவை கேட்கும். பக்கத்துச் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர்கள் கட்டுக்கட்டாக லாரி ஏறும். கிறிஸ்துமஸ் என்றால் மாணவர்களுக்கு ஒரு நாள் லீவு, அவ்வளவுதான். நூலகருக்கு அது ஒரு கெடு. அதற்குள் முடிக்காமல் விட்ட வேலை, ஜனவரி முதல் வாரத்தில் ஆய்வு மாணவரின் கணினித் திரையில் வந்து நிற்கும். கடல் கடந்த ஊர்களின் கிறிஸ்துமஸ், மலையடிவாரத்து நூலகம் ஒன்றை எப்படி அவசரப்படுத்துகிறது என்று பார்ப்போம்.

ஒரே மாதத்தில் மூன்று கணக்கு

நூலகருக்கு ஆண்டு என்பது ஒன்றல்ல, மூன்று. பல்கலைக்கழகத்தின் கல்வியாண்டு ஜூன், ஜூலை வாக்கில் தொடங்கும். அதன் முதல் செமஸ்டர் நவம்பர், டிசம்பர் தேர்வுகளோடு முடியும். பணத்துக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை நிதியாண்டு. ஆய்விதழ்களின் சந்தாவோ பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை.

இந்த மூன்றும் முட்டிக்கொள்ளும் மாதம் டிசம்பர். செமஸ்டர் முடிவதால் புத்தகங்கள் திரும்பி வர வேண்டும். சந்தா முடிவதால் புதுப்பிக்க வேண்டும். நிதியாண்டில் கால்வாசிதான் பாக்கி என்பதால் ஒதுக்கீட்டில் எவ்வளவு செலவானது, மார்ச்சுக்குள் எதற்கெல்லாம் பில் வரும் என்று பார்த்தாக வேண்டும். கிட்டத்தட்ட இதே சமயத்தில்தான் தேசியத் தரவரிசைக்கான விவரங்களையும் திரட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். புத்தகம், இதழ், மின்வளங்களுக்குச் செலவிட்ட தொகைக்கு அந்தப் படிவத்தில் தனி வரியே உண்டு.

இதழ்ச் சந்தா: இருப்பதிலேயே பெரிய வேலை

நூலகம் என்றதும் நமக்கு அலமாரிதான் நினைவுக்கு வருகிறது. பொறியியலும் அறிவியலும் நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில் பணத்தின் பெரும்பங்கு அலமாரியில் வைக்க முடியாத பொருளுக்குப் போகிறது. எல்செவியர், ஸ்பிரிங்கர், டெய்லர் அண்ட் பிரான்சிஸ், ஐ ட்ரிபிள் ஈ போன்ற நிறுவனங்களின் மின் இதழ்கள்தான் அவை.

மின் இதழுக்குப் பணம் கட்டினால் தபாலில் எதுவும் வராது. பல்கலைக்கழகத்தின் இணைய முகவரி எண்களை, அதாவது ஐ.பி. எண்களை, பதிப்பகத்திடம் கொடுத்து வைப்பார்கள். அந்த எண்ணிலிருந்து யார் தட்டினாலும் கதவு திறக்கும். வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தனி லாகின் உண்டு. டிசம்பர் 31-ஆம் தேதி சந்தா முடிந்து புதுச் சந்தா பதிவாகாமல் இருந்தால், அவகாசம் கொடுக்காத பதிப்பகத்தில் கதவு சாத்திக்கொள்ளும். சில பதிப்பகங்கள் சில வாரம் பொறுக்கும். ஆனால் எல்லோரும் பொறுப்பார்கள் என்று நம்பி உட்கார முடியாது.

கிறிஸ்துமஸ் நுழைவது இந்த இடத்தில்தான். ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் அலுவலகங்களில் ஆள் குறைவு. இங்கிலாந்தில் டிசம்பர் 26-ஆம் தேதியும் விடுமுறை. பணம் வந்ததைச் சரிபார்க்க வேண்டியவரும், ஐ.பி. எண்ணை ஏற்றித் தர வேண்டியவரும் லீவில் இருப்பார்கள். டிசம்பர் 23-ஆம் தேதி அனுப்பிய மெயிலுக்கு ஜனவரி முதல் வாரம் தாண்டித்தான் பதில் என்றால் ஆச்சரியப்படுவதற்கில்லை. அதனால் அனுபவமுள்ள நூலகர் மனசுக்குள் டிசம்பர் 20-ஐத்தான் கடைசி நாளாக வைத்துக்கொள்வார்.

அந்த 20-ஆம் தேதிக்குள் முடிய வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே வேலை தொடங்க வேண்டும். முதலில் எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவு. இதற்குப் பயன்பாட்டு அறிக்கை கைகொடுக்கும். எந்த இதழை எத்தனை முறை இறக்கினார்கள் என்ற எண்ணிக்கையைப் பதிப்பகங்கள் 'கவுண்டர்' என்ற பொது அளவுமுறைப்படி தருகின்றன. ஒரு இதழின் சந்தா 2 லட்சம் ரூபாய், வருஷத்தில் 40 முறைதான் இறக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரை 5,000 ரூபாய் அடக்கம். இன்னொன்று 1 லட்சம், 1,000 முறை இறக்கினார்கள். கட்டுரைக்கு 100 ரூபாய்தான். கணக்கு இவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், அந்த 40 முறையும் இறக்கியவர் ஒரே ஒரு பேராசிரியராக இருந்து, அவருடைய ஆய்வே அந்த ஒரு இதழை நம்பி நடந்தால்? அந்தப் பேச்சுவார்த்தையைத் துறைத் தலைவரோடு நடத்துவதும் நூலகர்தான்.

அடுத்து விலை. பல சந்தாக்கள் டாலரிலோ யூரோவிலோ இருக்கும். 50,000 டாலர் சந்தா என்றால், கோப்பு மேஜை மேஜையாக நகரும் நாட்களில் டாலர் ஒரு ரூபாய் ஏறினாலே 50,000 ரூபாய் கூடுதல். ஒப்புதல் வாங்கிய தொகை போதாமல் போய், கோப்பு மறுபடி முதல் மேஜைக்கு வரும். வெளிநாட்டுக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதென்றால் ஆடிட்டர் சான்று, வங்கிப் படிவம் என்று இன்னும் சில நாட்கள்.

ஒப்பந்தத்தில் நூலகர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கும் வரி ஒன்று உண்டு. அடுத்த வருஷம் சந்தாவை நிறுத்தினால், இதுவரை பணம் கட்டிய வருஷங்களின் கட்டுரைகள் நமக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்பதே அது. அச்சு இதழ் என்றால் சந்தா நின்றாலும் பழைய தொகுதி அலமாரியில் இருக்கும். மின் இதழில் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டால், பத்து வருஷம் கட்டிய பணத்துக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே?

பிறகு எதற்குத் தனிச் சந்தா என்பது நியாயமான கேள்வி. இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் இந்தத் திட்டத்துக்கு 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

'அரசு' என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் மாநில அரசின் பல்கலைக்கழகங்கள். கிருஷ்ணன்கோவிலில் இருப்பது தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். முதல் கட்டத்தில் தனியார் நிறுவனங்கள் சேரவில்லை. ஆகவே அந்த வகைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் இன்றைக்கும் ஒவ்வொரு பதிப்பகத்திடமும் தனித்தனியாகவோ, சில நிறுவனங்கள் சேர்ந்த கூட்டாகவோ பேரம் பேசித்தான் சந்தா வாங்குகிறார்.

தேர்வுக் காலத்து கவுண்டர்

மாடியில் இந்தக் கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே கவுண்டரில் வேறு கூட்டம். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் வாசிப்பு அறையில் நாற்காலி கிடைக்காது. செமஸ்டர் முழுக்க நூலகப் பக்கமே வராத முகங்களும் அப்போது வரும். அதிகம் கேட்கப்படுவது பாடப் புத்தகமும் பழைய வினாத்தாளும். விவரமான நூலகர் வினாத்தாள்களை ஸ்கேன் செய்து பாடவாரியாக முன்பே ஏற்றி வைத்துவிடுவார். கவுண்டரில் பாதி வரிசை அதிலேயே குறையும்.

மீதி வரிசை 'நோ டியூ'வுக்கு. எந்தப் புத்தகமும் பாக்கி இல்லை என்று நூலகம் எழுதிக் கொடுத்தால்தான் ஹால் டிக்கெட், சான்றிதழ் என்று பல இடங்களில் விதி. அந்த வரிசையில் நிற்பவர்களிடம் ஒரே மாதிரியான கதைகள்தான் இருக்கும். புத்தகத்தை நண்பன் வாங்கிக்கொண்டு போனான், ஹாஸ்டல் மாறும்போது தொலைந்தது, ஊரில் இருக்கிறது. தொலைந்தது உறுதியானால் அதே புத்தகத்தின் புதுப் பதிப்பு வாங்கித் தர வேண்டும், அல்லது விலையோடு அபராதம் கட்ட வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தேர்வுக்கு முதல் நாள் கிழித்த பக்கம் பெரும்பாலும் புத்தகத்தின் நடுவில்தான் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. முதுகை மடக்கிப் பிடித்தால் தையலுக்குப் பக்கத்தில் மெல்லிய காகித விளிம்பு நிற்கும்.

ஆய்வேடும் 10 சதவீதமும்

வருஷம் முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட நினைக்கும் பி.எச்.டி. மாணவர்களும் டிசம்பரில்தான் வருவார்கள். பலர் அடிக்கடி கேட்பது ஒன்றே: "சார், எத்தனை பர்சன்ட் வந்திருக்கு?"

ஆய்வேட்டின் வாசகம் வேறெங்காவது அப்படியே இருக்கிறதா என்று மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது பல பல்கலைக்கழகங்களில் நூலகத்தின் பொறுப்பு. யு.ஜி.சி.யின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி, 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து.

எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது என்பதால்தான் நூலகர் தேவைப்படுகிறார். உரிய முறையில் சுட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டப் பெயர்கள், சமன்பாடுகள் ஆகியவற்றை விதியே கழித்துவிடச் சொல்கிறது. தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனால் அதையும் கழிக்கலாம். இந்தக் கழிவுகளைச் சரியாக அமைக்காமல் ஓட்டினால் நேர்மையான ஆய்வேடும் பயமுறுத்தும் எண்ணைக் காட்டும். மாறாக, திருட்டு வாசகத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதியவர் குறைந்த சதவீதத்தோடு தப்பிக்கவும் கூடும். அறிக்கையில் வண்ணமடித்த பத்திகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தால்தான் இரண்டும் பிடிபடும். இதற்கு அரை நாள்கூட ஆகலாம். 24-ஆம் தேதி மாலை பென் டிரைவோடு வந்து நிற்பவருக்கு அந்த அரை நாள் கிடைக்காது.

பட்டம் கிடைத்தபின் ஆய்வேடு இன்ஃப்ளிப்நெட்டின் 'சோத்கங்கா' தளத்தில் ஏற வேண்டும். இயல்வாரியாகத் தனித்தனிக் கோப்பு, தலைப்பு, நெறியாளர் பெயர், துறை, ஆண்டு எல்லாம் பிழையில்லாமல் பதிய வேண்டும். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் தேடுபவருக்கு அந்த ஆய்வேடு இல்லாதது போலத்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப் போனது

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டினாற்போல் இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். மழை கண்மாயை நிரப்பும்போது நூலகத்தில் ஈரமும் ஏறும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே டிசம்பரில் சுவரை ஒட்டிய அலமாரிகளையும், அடித்தட்டுகளையும், யாரும் தொடாத பழைய தொகுதிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். பூஞ்சைக்கு முதலில் வாசனை வரும், பிறகுதான் புள்ளி தெரியும்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் வைப்பதுதான் பலரும் செய்வது. அட்டை வளைந்து, தாள் முறுகிவிடும். மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்தி, பக்கங்களுக்கு இடையில் உறிஞ்சு தாளோ அச்சடிக்காத வெள்ளைத் தாளோ வைத்து, அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டு நாளுக்குள் காய வைத்தால் தப்பித்தது. வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகம் மட்டும் காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதை ஈரமாக இருக்கும்போதே பிரித்தாக வேண்டும். அந்தக் காலத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு வைத்தார்கள். இன்றும் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் வைக்கும் இடங்கள் உண்டு. ஈரத்துக்குக் காற்றோட்டம்தான் மருந்து.

எண்ணிப் பார்க்கும் நாட்கள்

தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போனதும் நூலகம் அமைதியாகும். வேலை குறையாது. கதவு பாதி சாத்தியிருக்கும் இந்த இடைவெளியில்தான் இருப்புச் சரிபார்ப்பு நடத்த முடியும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகள் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கின்றன: 20,000 புத்தகம் வரை இருந்தால் ஆண்டுதோறும் முழுக் கணக்கெடுப்பு, 50,000 வரை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது, அதற்கும் மேல் என்றால் மூன்று ஆண்டுக்குள் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு. வழங்கிய, வாசித்த ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் ஆண்டில் 5 காணாமல் போவதை இயல்பான இழப்பாகவே அந்த விதி எடுத்துக்கொள்கிறது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரணை. புத்தகத்தைப் பூட்டி வைத்தால் இழப்பு இருக்காது, படிப்பும் இருக்காது என்று புரிந்தவர்கள் எழுதிய விதி.

கணக்கெடுப்பில் காணவில்லை என்று வரும் பட்டியலில் ஒரு பகுதி, இடம் மாறி உட்கார்ந்திருப்பவைதான். தேர்வு நேரத்தில் தனக்கு மட்டும் கிடைக்கட்டும் என்று மின்னியல் புத்தகத்தைத் தத்துவ அலமாரியில் சொருகி வைக்கும் மாணவர் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்.

இந்தக் கணக்கையெல்லாம் வைத்துக்கொள்ள இன்று பல கல்லூரி நூலகங்கள் 'கோஹா' என்ற இலவச மென்பொருளில் இயங்குகின்றன. அதுவும் இதே மாதிரியான ஆண்டுக்கடைசி நெருக்கடியில் பிறந்ததுதான். நியூசிலாந்தில் ஹோரோவேனுவா வட்டார நூலகங்களின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தது. புதிதாக ஒன்றை எழுத வைத்து, 2000 ஜனவரி 3-ஆம் தேதி இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து விட்டார்கள்.

லீவிலும் நடந்த நூலக வேலை

நம் நாட்டு நூலக இயக்கத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தனி இடம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க விடுமுறை சேர்ந்து கிடைத்தது அப்போதுதான் என்பதால், காங்கிரஸ் மாநாடுகளும் ஆசிரியர் மாநாடுகளும் டிசம்பர் கடைசியில் கூடின. 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1928 டிசம்பரில் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியில் கூடிய ஆசிரியர்களிடம்தான் நூலக அறிவியலுக்கான தம்முடைய ஐந்து விதிகளை விரித்துச் சொன்னார். 1931-ல் அது நூலாக வந்தது. புத்தகம் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. டிசம்பரில் நூலகர் படும் பாடு முழுவதும் அந்த நான்காவது விதிக்காகத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நூலகம் புதிதல்ல. இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1875-ல் தொடங்கிய பொது நூலகம் அன்றைய கலெக்டர் பென்னிங்டன் பெயரில் இன்னும் இருக்கிறது. 1896 டிசம்பர் 5-ஆம் தேதி திறந்த சென்னைக் கன்னிமாரா நூலகத்தைவிட அதற்கு 21 வயது கூடுதல்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவர் என்றால், ஊருக்குப் போகும் முன் புத்தகத்தைக் கொடுங்கள் அல்லது ஆன்லைனில் புதுப்பித்துவிடுங்கள். உங்களுக்கு ஜனவரியில் கட்டாயம் தேவைப்படும் கட்டுரைகளை டிசம்பர் 31-க்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இதழை மொத்தமாக இறக்க முயலாதீர்கள். பதிப்பகத்தின் கணினி அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு மொத்த வளாகத்துக்கும் கதவைச் சாத்திவிடும். லீவு நாளில் அதைத் திறந்து வைக்க அங்கே ஆள் இருக்காது.

ஆய்வு மாணவர் என்றால், சமர்ப்பிக்கும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஆய்வேட்டை நூலகத்தில் கொடுங்கள். பேராசிரியர் என்றால், அடுத்த ஆண்டு வேண்டிய இதழின் பெயரைச் செப்டம்பரிலேயே எழுதிக் கொடுங்கள். எந்தக் கல்லூரியிலும் இல்லாத பொது வாசகருக்கும் வழி உண்டு. சோத்கங்காவில் உள்ள ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகத்திலும் பதிவு செய்துகொள்ளலாம். இரண்டுக்கும் கிறிஸ்துமஸ் லீவு கிடையாது.